மடிக்கணினி பழுதாகிவிட்டதா? அன்றாட வேலைகளைக் கைப்பேசியிலேயே முடிப்பதற்கான வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் மடிக்கணினி என்பது பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒன்றுதான். பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கிய கணினியில் நாளடைவில் ஆலயக் கணக்கும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கடிதங்களும், அம்மாவின் பலகார வியாபார ரசீதுகளும் சேர்ந்துவிடுகின்றன. அது ஒரு நாள் நின்றுபோனால், பழுது பார்க்கக் கேட்கும் தொகையையும் புதியதன் விலையையும் மாறி மாறிக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் வேளையில் வேலைகள் தேங்கிவிடுகின்றன. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக, கணினிப் பழக்கம் குறைவாக உள்ளவர்களும் பின்பற்றக்கூடிய வகையில், இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இங்குள்ள பெரும்பாலான வீட்டு வேலைகளுக்கும் சங்க வேலைகளுக்கும் சிறுதொழில் வேலைகளுக்கும் ஒரு நடுத்தரக் கைப்பேசி போதும் என்பதே என் முடிவு. ஆனால் புலனமும் (வாட்ஸ்அப்) முகநூலும் பார்க்கும் நிலையில் இருக்கும் கைப்பேசியை அப்படியே வைத்துக்கொண்டு அலுவலக வேலை செய்ய முயன்றால் எரிச்சல்தான் மிஞ்சும். முதல் ஓரிரு நாள்களை அதை ஒழுங்குபடுத்துவதற்கென்றே ஒதுக்கிவிட வேண்டும்.

முதலில் வேலைகளை எழுதிப் பாருங்கள்

கைப்பேசிக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து, கடந்த ஒரு மாதத்தில் மடிக்கணினியில் நீங்களும் வீட்டாரும் செய்த வேலைகளை நினைவுக்கு வந்தவரை எழுதுங்கள். மின்னஞ்சல் படித்தது, கடிதம் தட்டச்சு செய்தது, வரவு செலவு போட்டது, வரிப் படிவம் நிரப்பியது, பிள்ளையின் பாடத்தாளை அச்சடித்தது என எதையும் விட வேண்டாம். பிறகு ஒவ்வொன்றின் பக்கத்திலும், அந்த வேலை இணைய உலாவியிலோ பொதுவான செயலியிலோ நடந்ததா, அல்லது விண்டோசில் மட்டுமே ஓடும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளில் நடந்ததா என்று குறியுங்கள்.

இந்த இரண்டாவது வகையே முடிவைத் தீர்மானிக்கிறது. கணினியில் நிறுவிய கணக்கியல் மென்பொருள், மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதப்பட்ட எக்செல் கோப்பு, பொறியியல் வரைபடம், நூறு பக்க ஆலயத் திருவிழா மலரின் பக்க வடிவமைப்பு ஆகியவை கைப்பேசியில் நடவாது. எக்செல் செயலி கைப்பேசியில் கோப்பைத் திறந்து காட்டும். ஆனால் அதற்குள் இருக்கும் மேக்ரோவை இயக்காது. இத்தகைய வேலை உங்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறைதான் வருமென்றால், அதற்காகக் கணினி வாங்க வேண்டியதில்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் ஆதரவில் இயங்கும் நாடி மையங்களில், அதாவது முன்பு பெடி என்று அழைக்கப்பட்ட சமூக இணைய மையங்களில், கணினியைப் பயன்படுத்திக்கொள்ளலாம். அருகில் எந்தத் தாமானில் அல்லது கம்பத்தில் அப்படி ஒரு மையம் இருக்கிறது என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதே வேலை வாரந்தோறும் வருமென்றால் கைப்பேசியை நம்பி இறங்காதீர்கள். குறிப்பாகப் பாலிடெக்னிக்கிலோ பல்கலைக்கழகத்திலோ சேரப்போகும் பிள்ளைக்கு, பயன்படுத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு மடிக்கணினி வாங்கிக் கொடுங்கள். ஆய்வேடும் நிரலெழுத்தும் கைப்பேசித் திரையில் முடியும் என்று சொல்லிப் பிள்ளையின் படிப்பைச் சோதனைக்கு உள்ளாக்கக் கூடாது.

கையிலுள்ள கைப்பேசி தாங்குமா?

அமைப்புகளுக்குள் சென்று சேமிப்பிடத்தைப் பாருங்கள். 128 ஜிபி சேமிப்பிடமும் 6 ஜிபி ரேமும் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 64 ஜிபி என்றால், புலனக் குழுக்களில் வந்து குவிந்த காலை வணக்கப் படங்களையும் காணொளிகளையும் முதலில் நீக்கியாக வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்பு கடைசியாக எப்போது வந்தது என்பதையும் அங்கேயே காணலாம். பல ஆண்டுகளாகப் புதுப்பிப்பே வராத கைப்பேசியில் வங்கிக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் வைத்து வேலை செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

புதிதாக வாங்குபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். டைப்-சி துளை உள்ள கைப்பேசிகள் எல்லாமே தொலைக்காட்சிக்குக் கம்பி வழியாகப் படம் அனுப்புவதில்லை. டைப்-சி என்பது துளையின் வடிவம் மட்டுமே. படம் வெளியே போவதற்கு அந்தத் துளை டிஸ்பிளேபோர்ட் முறையையும் ஆதரிக்க வேண்டும். குறைந்த விலை, இடைவிலைக் கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருப்பதில்லை. சாம்சுங் நிறுவனம் 2017இல் கேலக்சி எஸ்8 கைப்பேசியுடன் அறிமுகப்படுத்திய டெக்ஸ் என்னும் வசதி, பெரிய திரையில் கணினியைப் போலவே சாளரங்களைத் திறந்து காட்டும். அதே ஆண்டு வெளிவந்த ஹுவாவெய் மேட் 10 கைப்பேசியிலும் இதைப் போன்ற ஒரு வசதி இருந்தது. ஐஃபோன் 15இலிருந்து டைப்-சி வழியாகப் படம் அனுப்ப முடிகிறது என்றாலும், கைப்பேசித் திரையில் தெரிவதே பெரிதாகத் தெரியும். தனிச் சாளரங்கள் திறப்பதில்லை. ஹுவாவெய் வாங்க நினைப்பவர்கள், 2019இல் வந்த மேட் 30 தொடங்கி அந்நிறுவனத்தின் புதிய கைப்பேசிகளில் கூகுள் சேவைகள் உடன் வருவதில்லை என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். நான் கீழே சொல்லும் முறை பெரும்பாலும் கூகுள் கணக்கையே நம்பியிருக்கிறது.

பெரிய திரை இல்லாமலேயே பல வேலைகள் முடிந்துவிடும். ஆகவே இந்த ஒரு வசதிக்காக விலையுயர்ந்த கைப்பேசியைத் தவணையில் வாங்கிக் கடன்பட வேண்டாம்.

கணக்கும் காப்பு நகலும்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

மடிக்கணினி இருந்தவரை கைப்பேசி தொலைந்தால் தொடர்பு எண்கள்தான் போகும். இனி அது தொலைந்தால் ஆலயக் கணக்கு, சங்கக் கூட்டக் குறிப்பு, வாடிக்கையாளர் பட்டியல், வரிச் சான்றுகள் எல்லாமே ஒரே நாளில் போய்விடும். எனவே வேறு எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன் இந்தப் படியை முடித்துவிடுங்கள்.

உங்கள் பெயரில் ஒரு கூகுள் கணக்கு இருக்க வேண்டும். அதன் கடவுச்சொல் உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசி வாங்கிய அன்று கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கையே கடவுச்சொல் தெரியாமல் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்துபவர்கள் நம்மிடையே ஏராளம். அப்படியானால் புதிய கணக்கைத் திறந்து, மீட்பு எண்ணாக வீட்டிலுள்ள நம்பிக்கையான இன்னொருவரின் எண்ணைக் கொடுங்கள். பிறகு, கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பையும் கேட்கும் ஈரடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். கூகுள் தரும் பத்துக் காப்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் கோப்புறையில் வைத்துவிடுங்கள். கைப்பேசி காணாமல் போன நாளில் உள்ளே நுழைய அந்தத் தாள் ஒன்றே உதவும்.

கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி. மின்னஞ்சல், கோப்புகள், படங்கள் மூன்றும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. ஆண்ட்ராய்டில் புலனத்தின் காப்பு நகலும் இப்போது அதில்தான் சேர்கிறது. அதனால் புலனக் காப்பு அமைப்பில் காணொளிகளைச் சேர்க்கும் தெரிவை அணைத்துவிடுங்கள். நிறைய இடம் அதிலேயே மிச்சமாகும். முக்கியக் கோப்புகளின் இன்னொரு பிரதியை டைப்-சி முனையுள்ள பென்டிரைவில் மாதம் ஒருமுறை எடுத்து வையுங்கள். உள்நாட்டு வருமான வரி வாரியம் வரி தொடர்பான சான்றுகளை 7 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கிறது. எந்தக் கைப்பேசியும் அவ்வளவு காலம் உழைக்கும் என்று நம்ப முடியாது.

பழைய கைப்பேசி ஒன்று வீட்டில் கிடந்தால் அதை விற்றுவிடாமல் அதே கணக்கில் இணைத்து வைத்திருங்கள். புதியது பழுது பார்க்கப் போயிருக்கும் நாள்களில் அது கைகொடுக்கும்.

பழைய கோப்புகளை மாற்றும்போது வரும் சிக்கல்

மடிக்கணினி இன்னும் ஓரளவு இயங்குமானால், அதிலுள்ளவற்றை நேரடியாகக் கூகுள் டிரைவில் ஏற்றிவிடலாம். கணினி எழும்பவே இல்லை என்றால் கடையில் கொடுத்து அதன் வன்தட்டை (ஹார்ட் டிஸ்க்) மட்டும் கழற்றி வாங்குங்கள். அதைக் கைப்பேசியில் நேரே செருகினால் பெரும்பாலும் திறக்காது. ஏனெனில் விண்டோஸ் வன்தட்டுகள் என்டிஎஃப்எஸ் முறையில் எழுதப்பட்டவை, அந்த முறையைப் பல ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் படிப்பதில்லை. வேறொருவரின் கணினியில் வன்தட்டை இணைத்து, வேண்டியவற்றை எக்ஸ்ஃபாட் முறையில் அமைத்த பென்டிரைவுக்கு மாற்றிக்கொண்டால் பெரும்பாலான புதிய கைப்பேசிகள் அதைத் திறக்கும்.

தமிழ்க் கோப்புகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு. நம் ஆலயங்களிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் இருக்கும் பழைய அறிக்கைகளில் பல, ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன்பிருந்த எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை. அந்த எழுத்துரு இருந்த கணினியில் தமிழாகத் தெரிந்த பக்கம், கைப்பேசியில் திறந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயந்து அதை அழித்துவிடாதீர்கள். உள்ளிருக்கும் எழுத்துகள் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றினால் போதும். எந்த எழுத்துருவில் எழுதப்பட்டது என்பதைக் கோப்பைத் தயாரித்தவரிடம் கேட்டு, அதற்குரிய மாற்றிப் பக்கத்தில் பத்திகளை ஒட்டி மாற்றிக்கொள்ளலாம். இந்த வேலையைக் கைப்பேசியில் செய்வது சிரமம். நாடி மையத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுது சென்று எல்லாக் கோப்புகளையும் ஒரேயடியாக மாற்றிவிடுவது நல்லது. அதற்கு முன் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால், மூலம் எப்படி இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

மாற்றிய கோப்புகளுக்குப் பெயரிடும்போது தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முன்னால் வையுங்கள். ‘2025-02-11 தைப்பூச வரவு செலவு’ என்று பெயரிட்டால், கோப்புகள் தாமாகவே கால வரிசையில் நிற்கும். ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசி 2’ என்று பெயரிட்ட கோப்புகளைச் சிறிய திரையில் தேடுவது பெரும் அவதி. ஆலயம், பள்ளி, வியாபாரம், வீடு என்று நான்கைந்து கோப்புறைகளுக்கு மேல் வேண்டாம்.

விசைப்பலகையும் தமிழ்த் தட்டச்சும்

செலவழிக்க வேண்டிய முதல் காசு இங்கேதான். ஒரு சாதாரண புளூடூத் விசைப்பலகை நூறு வெள்ளிக்குள் (ரிங்கிட்) கிடைக்கும். கைப்பேசியை நிமிர்த்தி வைக்கும் தாங்கி அதைவிட மலிவு. இவ்விரண்டும் வந்த பிறகு, இரண்டு பக்கக் கடிதம் எழுதுவது கட்டைவிரல்களை வருத்தும் வேலையாக இராது. வெட்டுதல், ஒட்டுதல், செய்ததை நீக்குதல் ஆகியவற்றுக்கான கண்ட்ரோல் விசைக் கூட்டுகள் கணினியில் இயங்குவது போலவே ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் இயங்குகின்றன.

மலாயிலும் ஆங்கிலத்திலும் எழுத எந்த விசைப்பலகையும் உதவும். தமிழுக்கு மட்டும், பணம் கொடுப்பதற்கு முன் கடையிலேயே உங்கள் கைப்பேசியுடன் இணைத்து ஒரு வரி தட்டச்சு செய்து பாருங்கள். தொடுதிரையில் தமிழ் தரும் சில செயலிகள், வெளி விசைப்பலகை இணைந்தவுடன் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் செயலியில் அஞ்சல் முறையும் தமிழ்99 முறையும் உள்ளன. ஐஃபோனில் இவ்விரு தளவமைப்புகளும் கைப்பேசியுடனேயே வருகின்றன. ஒலிபெயர்ப்பாக எழுதிப் பழகியவர்களுக்கு அஞ்சல் முறை உடனே கைவரும். தினமும் தமிழில் எழுதும் செயலாளர்களும் ஆசிரியர்களும் தமிழ்99 முறையைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வகுக்கப்பட்ட அந்த அமைப்பில், ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்தில் புள்ளி தானாகவே விழுகிறது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்ற நான்கு விசைகள் போதும். ‘ந்த’, ‘ங்க’, ‘ம்ப’ போன்ற இணைகளிலும் புள்ளியைத் தேடி விரல் அலைய வேண்டியதில்லை. ஒரு வாரம் தடுமாறுவீர்கள். அதன் பிறகு கை தானே ஓடும்.

தட்டச்சே வேண்டாம் என்பவர்கள் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையின் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுப் பேசலாம். மொழிப் பட்டியலில் தமிழ் மலேசியா என்று தனியாகவே இருக்கிறது. நிதானமாக, எழுத்துத் தமிழில் சொன்னால் நன்றாகவே எழுதுகிறது. கொச்சையில் பேசினால் திருத்துவதற்கே நேரம் போகும்.

தொலைக்காட்சியைத் திரையாக்குதல்

படம் அனுப்பும் வசதியுள்ள கைப்பேசி என்றால், டைப்-சியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் ஒரு இணைப்பான் வாங்கித் தொலைக்காட்சியில் செருகிவிடலாம். மின்னூட்டத் துளையும் சேர்ந்த இணைப்பானாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் வேலையின் நடுவே மின்கலம் தீர்ந்துவிடும். சுட்டியை அசைத்ததற்குப் பிறகு அம்பு தாமதமாக நகர்வதாகத் தோன்றினால், தொலைக்காட்சியின் பட அமைப்பை விளையாட்டு முறைக்கு மாற்றிப் பாருங்கள்.

கம்பி வசதி இல்லாத கைப்பேசியிலும், திறன் தொலைக்காட்சி இருந்தால் அருகலை (வைஃபை) வழியாகத் திரையைக் காட்டலாம். கணக்கைச் சரிபார்க்கவும் குழுவாக அமர்ந்து கூட்டக் குறிப்பைப் படிக்கவும் அது போதும்; தட்டச்சுக்கு ஏற்றதன்று.

ஒரு கடிதத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை முடிப்போம்

ஆலயத் திருவிழாவையொட்டி மாவட்ட அலுவலகத்துக்கு மலாயில் ஒரு விண்ணப்பக் கடிதம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கூகுள் டாக்ஸ் செயலியில் புதிய ஆவணத்தைத் திறந்ததும், எழுதத் தொடங்குவதற்கு முன் பக்க அமைப்புக்குப் போய்த் தாளின் அளவு ஏ4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்க அளவில் இருந்தால் ஏ4 தாளில் அச்சிடும்போது பக்க அமைப்பு சரியாகப் பொருந்தாமல் போகலாம். அடுத்து, அச்சுப் பக்கம் எப்படி இருக்குமோ அப்படிக் காட்டும் தெரிவை இயக்குங்கள். ஆலயத்தின் பெயர், பதிவெண், முகவரி அடங்கிய தலைப்பை ஒருமுறை அழகாக அமைத்து, அந்த வெறும் கடிதத்தாளை ‘மாதிரி’ என்ற பெயரில் சேமித்து வையுங்கள். இனி எந்தக் கடிதமானாலும் அந்த மாதிரியைப் பிரதியெடுத்துத்தான் தொடங்க வேண்டும். மாதிரியிலேயே எழுதிவிடக் கூடாது.

எழுதி முடித்த கடிதத்தைத் தலைவரும் பொருளாளரும் பார்ப்பதற்காகப் புலனத்தில் கோப்பாக அனுப்பிக்கொண்டிருந்தால், யார் திருத்தியது எது என்று தெரியாமல் நான்கு பிரதிகள் உலவும். அதற்குப் பதிலாக அந்த ஆவணத்தையே அவர்களுடன் பகிர்ந்து, கருத்து எழுத மட்டும் அனுமதி கொடுங்கள். இறுதி வடிவத்தைப் பிடிஎஃப் ஆகச் சேமித்து, அச்சிட்டு, கையொப்பமும் முத்திரையும் இட்ட பின், கூகுள் டிரைவ் செயலியிலுள்ள வருடல் (ஸ்கேன்) வசதியால் மீண்டும் பிடிஎஃப் ஆக்கிக் கோப்புறையில் வைத்துவிடுங்கள். கேமராவில் எடுத்த சாய்ந்த, நிழல் விழுந்த படத்தை அரசு அலுவலகத்துக்கு அனுப்புவது முறையன்று; வருடல் வசதி ஓரங்களை வெட்டி, தாளை வெண்மையாக்கித் தருகிறது.

கைப்பேசியில் இணையம் இல்லாத இடத்திலும் இந்த வேலைகள் நடக்க வேண்டும். தோட்ட லயங்களுக்குள்ளும் செம்பனைக் காட்டுப் பகுதிகளிலும் அலைவரிசை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். அடிக்கடி தேவைப்படும் கோப்புகளின் மீது ‘இணையம் இன்றியும் கிடைக்கட்டும்’ என்ற தெரிவை முன்கூட்டியே இயக்கிவிட்டால், அலைவரிசை இல்லாத போதும் எழுதலாம். பட்டணத்துக்கு வந்ததும் மாற்றங்கள் தாமாகவே மேலேறிக்கொள்ளும். மழையில் மின்சாரம் தடைபட்ட மாலையிலும் வேலை தொடரும். இந்த ஒன்றில் கைப்பேசி பழைய மடிக்கணினியை நிச்சயம் மிஞ்சுகிறது.

வரவு செலவுக் கணக்கு

சிறிய திரையில் கட்டம் கட்டமாக எண்களை உள்ளிடுவது அலுப்பூட்டும்; பக்கத்துக் கட்டத்தில் விரல் பட்டுத் தொகை மாறிவிடும் ஆபத்தும் உண்டு. இதற்கு நான் எல்லாரிடமும் சொல்லும் வழி, கூகுள் ஃபார்ம்சில் ஒரு படிவம் அமைத்துக்கொள்வது. தேதி, விவரம், வரவா செலவா, தொகை, ரசீது எண் என்று ஐந்து கேள்விகள் போதும். படிவத்தை உங்கள் கைப்பேசியின் முகப்புத் திரையில் வைத்துவிடுங்கள். பூ வாங்கிய கடையிலேயே நின்று ஐந்து பதில்களையும் நிரப்பி அனுப்பினால், அவை கணக்கு ஏட்டில் வரிசையாகச் சேர்ந்துகொள்ளும். மாத இறுதியில் ஏட்டைத் திறந்து கூட்டிப் பார்த்தால் ஆயிற்று. பலகாரம் செய்து விற்கும் பெண்களுக்கும் இதே படிவம் பொருந்தும். ‘ரசீது எண்’ என்ற இடத்தில் ‘யாருக்கு, எப்போது கொடுக்க வேண்டும்’ என்று மாற்றிக்கொண்டால், தீபாவளி நேரத்து ஆர்டர் பட்டியலும் தயார். தாள் ரசீதுகளின் எழுத்து மங்கிவிடும் என்பதால், அன்றைக்கே படமெடுத்து அந்த மாதத்துக் கோப்புறையில் போட்டுவிடுங்கள்.

மைக்ரோசாஃப்ட் எக்செல், வேர்டு செயலிகளையும் பயன்படுத்தலாம். 10.1 அங்குலத்துக்கு மேற்படாத திரையுள்ள கருவிகளில் அடிப்படைத் திருத்தங்களை இலவசமாகவே செய்ய அவை அனுமதிக்கின்றன.

அரசு இணையப் பக்கங்கள்

ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-அக்கவுன், சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே போன்றவற்றுக்குத் தனிச் செயலிகள் உள்ளன, அவற்றில் சிரமமில்லை. வருமான வரிக்கான மைடேக்ஸ் பக்கத்தில் படிவம் நிரப்புவதற்கு மட்டும் சற்று முன்னேற்பாடு தேவை. சம்பளச் சான்றான இஏ படிவத்தையும், விலக்குக் கோரும் ரசீதுகளின் தொகைகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். இடையில் எழுந்து போய்த் தேடினால் பக்கம் தானாக வெளியேறி, நிரப்பியது வீணாகலாம். பொத்தான் எதுவும் தெரியாமல் பக்கம் குறுகி நின்றால், குரோம் உலாவியின் மூன்று புள்ளிப் பட்டியலில் கணினித் தளமாகக் காட்டும் தெரிவை இயக்கி, கைப்பேசியைப் படுக்கை வாட்டத்தில் திருப்புங்கள். வியாபாரம் இல்லாத சம்பளக்காரர்களுக்கான பிஇ படிவத்துக்குக் கெடு ஏப்ரல் 30. இணையம் வழி அனுப்புவோருக்கு மே 15 வரை அவகாசம் தரப்படுகிறது. வியாபாரம் செய்வோரின் பி படிவத்துக்கு இவை ஜூன் 30, ஜூலை 15. கடைசி இரவில் உட்காராதீர்கள்.

அச்சிடும் கடையில்

பட்டணத்து நகலகங்கள் புலனம் வழியாகவே கோப்பை வாங்கி அச்சிட்டுக் கொடுக்கின்றன. எப்போதும் பிடிஎஃப் ஆகவே அனுப்புங்கள். வேர்டு கோப்பாக அனுப்பினால் அந்தக் கணினியில் தமிழ் எழுத்துருவும் வரிகளும் மாறிவிடும். அடையாள அட்டையின் நகலை அனுப்ப நேர்ந்தால், எந்த அலுவலகத்தில் எந்தக் காரியத்துக்கு என்பதை நகலின் குறுக்கே எழுதிய பின்பே அனுப்புங்கள். ‘தம்பி, அச்சடிச்ச பிறகு என் கோப்பை அழிச்சிடுங்க’ என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அழிப்பதை நின்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மோசடிகளிலிருந்து காத்துக்கொள்ள

பணமும் ஆவணமும் ஒரே கருவியில் இருப்பதால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். திருமண அழைப்பிதழ் என்றும், வீடு துப்புரவுச் சேவை என்றும், நிலுவை அபராதம் என்றும் சொல்லிப் புலனத்தில் ஒரு கோப்பு வரும். அதன் பெயர் ஏபிகே என்று முடிந்தால், அது அழைப்பிதழ் அன்று, செயலி. அதை நிறுவினால் உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளை மோசடிக்காரர்கள் படிக்க முடியும். அனுப்பியவர் உறவினராகவே இருந்தாலும் தொடாதீர்கள். அவருடைய கைப்பேசி ஏற்கெனவே மோசடிக்காரர்களின் கையில் இருக்கலாம். செயலிகளைப் பிளே ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவுங்கள். அறியாத இடங்களிலிருந்து நிறுவும் அனுமதியை எல்லாச் செயலிகளுக்கும் அணைத்து வையுங்கள். பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனேயே 997 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது 2022 முதல் இயங்கிவரும் தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண். எவ்வளவு விரைவாக அழைக்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை நடுவழியில் முடக்கும் வாய்ப்பு கூடும்.

*#06# என்று அழுத்தினால் கைப்பேசியின் அடையாள எண் திரையில் தெரியும். அதைக் காப்புக் குறியீடுகள் எழுதிய அதே தாளில் குறித்து வையுங்கள். கைப்பேசி திருட்டுப் போனால் காவல்துறைப் புகாரில் குறிப்பிடலாம். புதிய கைப்பேசியில் வங்கிச் செயலியைப் பதியும்போது, பாதுகாப்புக்காக வங்கிகள் சில மணி நேரம் காத்திருக்க வைக்கின்றன. ஆகவே தவணை கட்ட வேண்டிய நாளில் கைப்பேசியை மாற்றாதீர்கள்.

உடலும் கருவியும்

குனிந்தபடி சிறிய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் கழுத்து வலி நிச்சயம். தாங்கியின் கீழ் இரண்டு தடித்த புத்தகங்களை வைத்துத் திரையைக் கண் மட்டத்துக்கு உயர்த்துங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள ஏதேனும் ஒன்றை 20 விநாடி பாருங்கள். எழுத்தளவை அமைப்பில் பெரிதாக்கிக்கொள்ளத் தயங்க வேண்டாம். மின்னேற்றியில் மலேசியத் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தகரக் கூரை வீட்டின் மதிய வெப்பத்தில், மின்னேற்றிக்கொண்டே தொலைக்காட்சியோடும் இணைத்து மணிக்கணக்கில் ஓட்டினால் மின்கலம் விரைவில் தளர்ந்துவிடும். நீண்ட வேலைகளைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொண்டு, உறையைக் கழற்றி, விசிறிக் காற்று படும்படி வைத்து வேலை செய்யுங்கள்.

ஒரு மாதப் பரீட்சை

இத்தனையும் முடிந்த பின், மடிக்கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதை அலமாரியில் வைத்துவிட்டு ஒரு முழு மாதம் கைப்பேசியில் மட்டும் வேலை செய்யுங்கள். தொடக்கத்தில் எழுதிய பட்டியலை எடுத்து, தடையின்றி முடிந்தவற்றுக்கு எதிரே ஒரு கோடும், முடியாதவற்றுக்கு எதிரே காரணமும் எழுதுங்கள். காரணம் பழக்கமின்மை என்றால் இன்னொரு மாதம் பாருங்கள். காரணம் மென்பொருள் என்றால், அந்த வேலையை நாடி மையத்துக்கோ கணினி வைத்திருக்கும் குழு உறுப்பினருக்கோ மாற்றிவிடுங்கள்.

பட்டியல் சரியாகிவிட்டது என்று உறுதியான பின்பே பழைய கணினியைக் கைவிட வேண்டும். அதன் வன்தட்டை வெளியே எடுத்து, அந்த ஆண்டின் கணக்குத் தணிக்கை முடியும் வரை வீட்டில் பத்திரமாக வைத்திருங்கள். விற்பதாகவோ யாருக்கேனும் கொடுப்பதாகவோ இருந்தால் வன்தட்டை முழுமையாக அழித்த பின்பே கொடுங்கள். வெறுமனே கோப்புகளைக் குப்பைக்கு அனுப்பினால் அவற்றை மீண்டும் எடுத்துவிட முடியும். ஒன்றுக்கும் உதவாத நிலை என்றால் குப்பைத் தொட்டியில் போடவோ எரிக்கவோ வேண்டாம். 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளின்படி மின்னணுக் கழிவு நம் நாட்டில் தனியாகக் கையாளப்பட வேண்டிய கழிவு. மின்கலத்தோடு சேர்த்து, மின்கழிவு சேகரிப்பு மையத்திலோ சேகரிப்பு நடக்கும் நாளிலோ ஒப்படையுங்கள்.